கூரியரில் வந்த 23 செடிகள்: ஒரு திருச்சூர் நர்சரி பற்றி நல்லதும் கெட்டதும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த நர்சரியின் பெயரைப் போடப் போவதில்லை. பாதி பாராட்டு, பாதி திட்டு என்றுதான் எழுதப் போகிறேன். கணவன் மனைவி இரண்டே பேர் வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி நடத்துகிற இடம் அது, என்னால் அவர்களுக்கு ஒரு தலைவலி வேண்டாம். தவிர, திருச்சூர்ப் பக்கம் இன்ஸ்டாகிராமில் படம் போட்டு வாட்ஸாப்பில் ஆர்டர் எடுக்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். மண்ணுத்தி என்று ஓர் ஊர், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தை ஒட்டியது, அங்கே ரோட்டோரம் வரிசையாக நர்சரிதான். நான் சொல்வதில் முக்கால்வாசி, இவர்களில் யாரிடம் வாங்கினாலும் உங்களுக்குப் பொருந்தும்.

கணக்கு இதுதான். இரண்டு வருடம், ஐந்து ஆர்டர், 23 செடி. இன்று உயிரோடு இருப்பவை 17. செத்துப்போன ஆறில் மூன்று என் தப்பு, இரண்டு அவர்கள் விற்ற மண்கலவையின் தப்பு, ஒன்று அவர்கள் செடியோடு இலவசமாக அனுப்பிய மாவுப்பூச்சியின் தப்பு.

என் வீடு சென்னையில், மூன்றாவது மாடி. கிழக்குப் பார்த்த சின்ன பால்கனி, காலை எட்டரை ஒன்பது வரை நேர்வெயில், அதற்குப் பிறகு எதிர் அபார்ட்மென்ட் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மட்டும். ஹாலில் ஒரு பெரிய ஜன்னல். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பெங்களூரில் இருப்பவர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு நான் வாங்கிய செடிகள் இங்கே வேறு மாதிரி நடந்துகொண்டன.

பேக்கிங்கில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொட்டியிலிருந்து செடியை எடுத்து, வேரை அலசி, ஈரத் தேங்காய் நாரைச் சுற்றி, அதன்மேல் கிளிங் ஃபிலிம். இலைகளை மலையாளப் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுருட்டியிருப்பார்கள். தண்டு முறியாமல் இருக்க இரண்டு ஈர்க்குச்சியை வைத்து, கை ஒடிந்தவருக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது போல நூலால் கட்டியிருப்பார்கள். அட்டைப்பெட்டியின் பக்கத்தில் காற்றோட்டத்துக்கு ஓட்டை. திங்கள் அல்லது செவ்வாயில் மட்டும்தான் அனுப்புவார்கள், வியாழன் வெள்ளியில் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூரியர் குடோனில் பெட்டி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. எனக்குப் பெரும்பாலும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. பெட்டிக்கு 180 முதல் 250 ரூபாய் வரை கூரியர் செலவு, அது நம் தலையில்.

அந்தக் கிளிங் ஃபிலிமைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு வார்டு என்ற மனிதரின் ஞாபகம்தான் வரும். 1829-ல் லண்டனில் நதானியல் வார்டு என்ற டாக்டர், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தார், அந்துப்பூச்சி வெளியே வருவதைப் பார்க்க. பூச்சியை விடவும் அவர் கண்ணில் பட்டது அந்த மண்ணில் தானாக முளைத்த பெரணி. செடி விடுகிற ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது, தண்ணீரே ஊற்ற வேண்டாம். 1833-ல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடி வைத்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தார், மாதக்கணக்கான பயணம், பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு ரப்பர் கன்றுகள் வந்ததும் அந்த மாதிரிப் பெட்டிகளில்தான். ரப்பர் மரத்துக்கு நடுவே குடியிருக்கிற நம் திருச்சூர்க்காரர் அதே வேலையைச் சமையலறை பிளாஸ்டிக்கை வைத்து இருநூறு ரூபாயில் முடித்துவிடுகிறார்.

சரி, பெட்டி வந்த பிறகு. பிரித்த அன்றே அழகான பீங்கான் தொட்டியில் நட்டு பால்கனி வெயிலில் வைத்துப் படம் எடுக்காதீர்கள், நான் முதல் தடவை செய்தது அதுதான். நிழல்வலைக்குக் கீழே, கேரளத்துக் காற்றில் வளர்ந்த செடி அது. வேரை அலசியதில் நுனிவேர் கொஞ்சம் போயிருக்கும், இரண்டு நாள் இருட்டில் இருந்திருக்கும். பத்து பதினைந்து நாள் ஹாலின் உள்பக்கம், வெளிச்சம் மட்டும் படுகிற இடம் போதும். உரம் வேண்டாம். கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழும், விழட்டும்.

முதல் ஆர்டரில் நான்கு செடி. கறுப்பு இலை ஸீஸீ (ZZ) செடி ஒன்று, அலோகேசியா ‘பாலி’ (Polly) ஒன்று, ஹோயா கார்னோசா ஒன்று, ஹோயா கெர்ரி ஒன்று. இந்த ஹோயா கெர்ரி விஷயத்தில்தான் எனக்கு இந்த நர்சரிக்காரர்மேல் முதல் நம்பிக்கை வந்தது. இதய வடிவத்தில் தடித்த ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் குத்தி, காதலர் தினத்துக்கு கிஃப்ட் கடைகளில் விற்பார்களே, அதுதான் இது. நானும் அதைத்தான் கேட்டேன். அவர் போனிலேயே சிரித்துவிட்டார். "அது வளராது சேச்சி, நாலு வருஷம் ஆனாலும் ஒற்றை இலைதான். கணு இருக்கணும்." உண்மைதான், இலைக்கு வேர் விடும், ஆனால் கணுவில்லாத இலையிலிருந்து தண்டு கிளம்பாது. ஒற்றை இலை 90 ரூபாய், இரண்டு கணுவோடு தண்டு 450. தொண்ணூறு ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், சொன்னார். இன்று அந்தக் கொடி ஜன்னல் கம்பியில் நான்கடி போயிருக்கிறது, இலை மட்டும் ஏழெட்டு மாதத்துக்கு ஒரு தடவை மூடு வந்தால் இரண்டு விடும். பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

ஹோயாக்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், மன்னிக்கவும். என்னிடம் இருக்கிற பதினேழில் ஏழு ஹோயாதான். சென்னைக்கு ஏற்ற அபூர்வச் செடி எது என்று யாராவது கேட்டால் மான்ஸ்டெராவும் இல்லை, பிலோடென்ட்ரானும் இல்லை, இதுதான் என்பேன். மெழுகு தடவின மாதிரி தடித்த இலை, அதில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும், நீங்கள் நான்கு நாள் ஊருக்குப் போய்வந்தால் கண்டுகொள்ளாது. பூ வந்தால் குட்டிக் குட்டி நட்சத்திரங்களைக் கோத்துப் பந்தாகக் கட்டின மாதிரி இருக்கும், பிளாஸ்டிக் பூவோ என்று தொட்டுப் பார்க்கத் தோன்றும். கார்னோசா எனக்கு ஒன்றேகால் வருடத்தில் பூத்தது, பகலில் ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹால் முழுக்க வாசனை. அந்தப் பூவை முதலில் பார்த்ததும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விநாயகர் சதுர்த்தியன்று பிள்ளையாருக்குப் போடுகிற எருக்கம்பூ மாலை! இரண்டும் ஒரே குடும்பம்தான், கிள்ளினால் ஹோயாவிலும் எருக்கு மாதிரியே பால் வரும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையோரத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கிற எருக்கின் சொந்தக்காரியை 350 ரூபாய் கொடுத்து கூரியரில் வரவழைக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்புத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பை வெட்டிவிடாதீர்கள். அடுத்த பூங்கொத்து அதே காம்பின் நுனியில்தான் வரும். இதை அவர் சொல்லவில்லை. நான் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒன்றை வெட்டிவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அலோகேசியா வீட்டுக்குள் வந்த அன்று என் மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். "ஏம்மா, இது சேப்பங்கிழங்குதானே?" என்றார். இல்லை அத்தை, இது அலோகேசியா என்றேன். "இலை, காம்பு எல்லாம் சேம்பு மாதிரியே இருக்கே. எவ்வளவு?" 380 என்று சொல்லவில்லை, 80 என்றேன். அதற்கே, கிலோ சேப்பங்கிழங்கு அதைவிடக் குறைச்சல் என்றார். அவர் சொன்னது சரிதான் என்பதுதான் வேடிக்கை. சேம்பு, கருணைக்கிழங்கு, மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ஆந்தூரியம் எல்லாம் ஒரே குலம். கருணைக்கிழங்கை ஏன் புளி விட்டு வேகவைக்கிறோமோ அதே அரிப்புதான் இந்த அலங்காரச் செடிகளிலும், கால்சியம் ஆக்சலேட் ஊசிகள். வீட்டில் பூனையோ தவழ்கிற குழந்தையோ இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

இந்த ‘பாலி’ என்பது அமேசானிகா என்ற கலப்பினத்தின் குட்டை வகை. பெயரைப் பார்த்து அமேசான் காட்டுச் செடி என்று நினைத்துவிட வேண்டாம், அலோகேசியாக்கள் எல்லாம் நம் ஆசியா, கிழக்கு ஆஸ்திரேலியாப் பக்கத்துக்காரர்கள். மியாமியில் தபால்காரராக இருந்த ஒருவர் 1950களில் வளர்த்தெடுத்தது, அவருடைய நர்சரியின் பெயர் அமேசான், அதனால் அந்தப் பெயர்.

அலோகேசியா வாங்குகிறவர்கள் பதற்றப்படாமல் இருக்கப் பழக வேண்டும். வந்த மூன்று வாரத்தில் என்னுடையது ஒவ்வொரு இலையாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. அவருக்குப் படம் அனுப்பினேன். "தூக்கிப் போடாதே சேச்சி, கிழங்கைக் கிள்ளிப் பார்" என்றார். கெட்டியாக இருந்தது. தண்ணீரைக் குறைத்து, தொட்டியை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி வைத்தேன் (மறுபடியும் வார்டு), ஒரு மாதத்தில் பென்சில் முனை மாதிரி ஒன்று வெளியே வந்தது. கூடவே மண்ணுக்குள் பட்டாணி அளவில் நான்கு குட்டிக் கிழங்கு. அவற்றில் மூன்று இப்போது மூன்று வீடுகளில் இருக்கின்றன.

இனி திட்டு.

இரண்டாவது ஆர்டரில் ஐந்து செடியோடு, அவர்களே விற்கிற ‘ஏராய்டு மிக்ஸ்’ (சேம்பு குலத்துச் செடிகளுக்கான மண்கலவை) இரண்டு பை வாங்கினேன், ஐந்து கிலோ பை 320 ரூபாய். பெயர்தான் அப்படி. கொட்டிப் பார்த்தால் முக்கால் பங்கு பொடியான கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மீதி மண்புழு உரம், திருஷ்டிக்கு நாலு பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல் துணுக்கு). நட்டது செப்டம்பர் கடைசியில். அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சென்னையில் அந்த இரண்டு மாதம் துவைத்த துணியே காய்வதில்லை, பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கிற கோகோபீட் எங்கே காயும்? மேலே தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், அதை நம்பித் தண்ணீர் ஊற்றுவேன், உள்ளே ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டும். பிளாக் வெல்வெட் அலோகேசியாவும் ஒரு ஹோயா பப்பிகேலிக்ஸும் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தபோது வேர் எல்லாம் பழுப்பாகி, உருவினால் தோல் தனியாக நூல் தனியாக வந்தது, சாக்கடை வாடை. கிழங்கும் கொழகொழ என்று போயிருந்தது, இந்தத் தடவை டப்பா வைத்தியமெல்லாம் பலிக்கவில்லை.

ஹோயாவும் ஆந்தூரியமும் காட்டில் பெரும்பாலும் மரப்பட்டையிலும் பாறை இடுக்கிலும் தொற்றி வளர்கிறவை. மழை பெய்தால் நனையும், அரைமணியில் காற்றில் உலரும். அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். பொடிக் கோகோபீட்டில் அந்தக் காற்று கிடையாது. கோகோபீட்டே கெட்டது என்று சொல்லவில்லை, விதை முளைக்கப் போட அதைவிட நல்லது இல்லை. நம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற ஐந்து கிலோ கட்டியை ஊறவைத்தால் கிட்டத்தட்ட 70 லிட்டர் வரை பொங்கும், விலையும் மலிவு, அதனால்தான் எல்லாரும் அதையே மிக்ஸ் என்று விற்கிறார்கள். அதிலும் சிலர் சரியாகக் கழுவாமல் விற்பார்கள், தென்னை நாரில் இருக்கிற உப்பு அப்படியே இருக்கும், இலை நுனி கருகும்.

நான் இப்போது போடுகிற கலவை இது. தேங்காய் மட்டையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி விற்பார்கள், அதில் நான்கு பங்கு, மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து அலசியது. பெர்லைட் இரண்டு பங்கு. அடுப்புக்கரி உடைத்தது ஒரு பங்கு, எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் வாங்குகிறேன், பத்து ரூபாய்க்கு ஒரு கவர் நிறையத் தருவார். மண்புழு உரம் ஒரு பங்கு. தண்ணீர் ஊற்றினால் அடுத்த நொடி அடியில் வந்துவிட வேண்டும், அதுதான் சோதனை. கோடையில் இதற்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, சோம்பேறிகளுக்கு இது சரிவராது. எனக்கு இது ஒத்துவருகிறது, ஏனென்றால் தண்ணீர் ஊற்றாமல் என்னால் இருக்க முடியாது. செடி வளர்க்கிற பாதிப் பேருக்கு அதுதான் வியாதி.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் போர் தண்ணீரை ஊற்றினால் இலைமேல் வெள்ளை வெள்ளையாகப் படியும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன், செய்யாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நல்லது, காற்றிலிருந்த ஈரம்தான் அது, உப்பே இருக்காது. பெட்ரூம் ஏசி குழாய்க்கடியில் ஒரு பக்கெட் வைத்திருக்கிறேன், மே மாதத்தில் ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு லிட்டர் கிடைக்கும். சத்து எதுவும் இல்லாத தண்ணீர் என்பதால் மாதம் இரண்டு தடவை உரத்தைக் கால் அளவு கரைத்து ஊற்றுகிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது ஆர்டர் மே மாதம், கத்தரி வெயிலில். முழுக்க முழுக்க என் கொழுப்பு. அவர் "ஜூன் கழியட்டும்" என்று சொன்னார், நான்தான் தள்ளுபடி போய்விடுமே என்று அவசரப்பட்டேன். பெட்டி ஐந்து நாள் எங்கேயோ கிடந்து வந்தது. பிரித்ததும் கீரை வேகிற வாசனை. ஆறு செடியில் மூன்று போச்சு. 24 மணி நேரத்துக்குள் பெட்டி பிரிக்கிற வீடியோ அனுப்பினால்தான் மாற்றுச் செடி என்பது அவர்கள் விதி, நான் வீடியோவும் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

நான்காவது ஆர்டரில் வெள்ளை கலந்த மான்ஸ்டெரா, ஆல்போ என்பார்கள், 2,800 ரூபாய். என் மொத்தச் செலவில் மிகப் பெரிய ஒற்றைத் தொகை, மிகப் பெரிய ஏமாற்றமும் இதுதான். கொரோனா சமயத்தில் இந்த வெள்ளை இலைச் செடிகளுக்குப் பிடித்த பைத்தியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், 2021 ஜூனில் நியூசிலாந்தில் வெள்ளை கலந்த ஒரு ரஃபிடோஃபோரா (மான்ஸ்டெரா மாதிரியே இருக்கிற ஒரு கொடி) 27,100 நியூசிலாந்து டாலருக்கு ஏலம் போனது. ஒற்றைச் செடி, விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் இலை. அதற்குப் பிறகு விலை சரிந்து இப்போது நம் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டது என்று நானும் குதித்தேன்.

கடைக்காரர் அனுப்பிய படத்தில் இலை பாதி வெள்ளை பாதி பச்சை, வரைந்து வைத்த மாதிரி. வந்த செடியில் இரண்டு இலை, மூத்த இலையில் ஒரு ஓரமாகச் சுண்ணாம்பு தெளித்தது போல நாலு புள்ளி, அடுத்தது முழுப்பச்சை. கேட்டால், படம் தாய்ச்செடியுடையதாம், இதுவும் வளர வளர அப்படி வருமாம். வரவில்லை. இந்த ஆல்போ வகையில் வெள்ளையும் பச்சையும் ஒரே தண்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு வகைத் திசு. தண்டில் வெள்ளைக் கோடு ஓடுகிற பக்கத்தில் மொட்டு இருந்தால்தான் அடுத்த இலையில் வெள்ளை வரும், அதுவும் உத்தரவாதமில்லை. தண்டில் கோடே இல்லாத கன்று எத்தனை வருடம் ஆனாலும் பச்சைதான். என்னுடையது இப்போது ஆரோக்கியமான, பெரிய, சாதாரணப் பச்சை மான்ஸ்டெரா. நர்சரியில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும். சோறு போட்டு வளர்த்த பாசம், தூக்கிப் போடவும் மனசில்லை.

இதில் அவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘படம் தாய்ச்செடியுடையது’ என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். ஒற்றை இலை ஹோயாவை விற்காதவர் இதை ஏன் விற்றார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வெள்ளை வேண்டும் என்று ஆசை இருப்பவர்கள் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ என்ற மான்ஸ்டெரா வகையை வாங்குங்கள், தாய்லாந்தில் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் உருவானது, அதன் மஞ்சள்வெள்ளைத் தெளிப்பு செடி முழுக்க இருக்கும், சட்டென்று பச்சையாகத் திரும்பாது. பிங்க் காங்கோ பிலோடென்ட்ரான் என்று பளீரென்று ரோஸ் இலையோடு யாராவது விற்றால் ஓடிவிடுங்கள், அது வாயுவைக் காட்டி இலையை ரோஸாக்குகிற வேலை, சில மாதத்தில் பச்சையாகிவிடும்.

இவ்வளவு திட்டிவிட்டும் ஐந்தாவது தடவை ஏன் அவரிடமே போனேன் என்றால், ஒரு போன்கால்.

ஆந்தூரியம் வரோக்கியானம் என்று ஒன்று இருக்கிறது, ராணி ஆந்தூரியம் என்பார்கள். கொலம்பியாவின் மழைக்காட்டுச் செடி, கரும்பச்சை வெல்வெட் இலை, அதில் வெள்ளி நரம்பு, ஒரு இலை ஒரு மீட்டருக்கு மேலேயே தொங்கும். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படம் பார்த்ததும் வேண்டும் என்று மெசேஜ் போட்டேன். பதில் போடாமல் நேரே கூப்பிட்டார். வீட்டில் செடிக்கு ஈரம் காக்கிற கண்ணாடி அலமாரி இருக்கிறதா, ஏசி எத்தனை மணி நேரம் ஓடும் என்று விசாரித்தார். அலமாரி இல்லை, ஏசி ராத்திரி முழுக்க என்றேன். "வேண்டா சேச்சி, அது அங்கே சாகும். காசும் போகும், என்னையும் திட்டும்" என்றார். 1,900 ரூபாய் வியாபாரம், வேண்டாம் என்று போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேறொரு ஆன்லைன் கடையில் அதே செடியை 2,200-க்கு வாங்கினேன், அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. முதல் வாரம் இலை ஓரம் சுருண்டது, மூன்றாவது வாரம் புது இலை விரியும்போதே கிழிந்து வந்தது, ஏழாவது வாரம் குப்பைக்கூடை. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம் என்று நினைத்தேன், ஆனால் ராத்திரி எட்டு மணிநேரம் ஏசி அந்த ஈரத்தைத்தானே உறிஞ்சி பக்கெட்டில் சொட்டுகிறது! கண்ணெதிரே சாட்சி இருந்தும் உறைக்கவில்லை.

ஆனால் அவரிடமே முன்பு வாங்கிய கிளாரிநெர்வியம் என்னிடம் ஜம்மென்று இருக்கிறது. மெக்சிகோவில் சுண்ணாம்புப் பாறைமேல் வளர்கிற ஆந்தூரியம், இலை அட்டை மாதிரி கெட்டி, நரம்பு சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி. இரண்டாவது ஆர்டரிலேயே வாங்கியது, அந்தப் பாழாய்ப்போன மிக்ஸிலிருந்தும் சமயத்தில் மாற்றிக் காப்பாற்றிவிட்டேன். வருடத்துக்கு நான்கு இலைதான் விடும், ஆனால் விட்ட இலை விழுவதில்லை. அபூர்வமாக ஒரே ஒரு செடிதான் வாங்குவேன் என்பவர்கள் இதை வாங்குங்கள், 700 ரூபாய் கொடுத்தேன்.

ஐந்தாவது பெட்டியில் ஐந்து செடி, அதில் ஒன்றின் இலைக்கக்கத்தில் பஞ்சு ஒட்டினது போல மாவுப்பூச்சி. பேப்பர்த் துணுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் பக்கத்துத் தொட்டியில் எறும்பு வரிசை போவதைப் பார்த்துத்தான் உறைத்தது, மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்கு எறும்பு வரும். அந்த ஒரு செடி போனது, மற்றதை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டை பட்ஸில் தொட்டு ஒவ்வொரு பூச்சியாகத் துடைத்து, ஐந்து நாளுக்கு ஒரு தடவை வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்து மீட்டேன், ஒன்றரை மாதம் ஆயிற்று. அவரிடம் சொன்னதற்கு "மழைக்காலம் அல்லே" என்றார், அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. புதுச்செடி எங்கிருந்து வந்தாலும் மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனி அறையில் வைப்பது அதிலிருந்து பழகியது, எங்கள் வீட்டில் அது பாத்ரூம் ஜன்னல்.

பெயர்க் குழப்பமும் உண்டு. வாயெட்டி என்று கேட்டு வாங்கிய ஹோயா, இலை நீளத்தைப் பார்த்தால் கென்டியானா மாதிரி இருக்கிறது. பூத்தால் தெரிந்துவிடும் என்கிறார். விலை இரண்டுக்கும் ஒன்றுதான், விட்டுவிட்டேன்.

வாங்குவதாக இருந்தால் என் முறையைச் சொல்கிறேன். அனுப்பப் போகிற அதே செடியின் படம் வேண்டும், பக்கத்தில் அன்றைய பேப்பரை வைத்து எடுக்கச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள், அவர்களுக்கும் பழக்கம்தான். தண்டில் கணு தெரிய வேண்டும், வேர் தெரிய வேண்டும், இலையின் அடிப்பக்கம் தெரிய வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வரவழைத்தால் மழை பிடிப்பதற்குள் வேர் ஊன்றிக்கொள்ளும், ஏப்ரல் மே வேண்டவே வேண்டாம். மிக்ஸ் வாங்காதீர்கள். ஹோயா, அலோகேசியா இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், வெள்ளை இலை எதையும் இவரிடம் வாங்காதீர்கள். மார்க் போடச் சொன்னால் பேக்கிங்குக்கு ஐந்துக்கு ஐந்து, செடிக்கு நாலு, மிக்ஸுக்கு ஒன்று, அந்த ஒன்றும் பெர்லைட்டுக்காக.

போன வாரம் ஹோயா வைட்டி இருக்கிறதா என்று கேட்டேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மரத்தில் தொற்றி வளர்கிற ஹோயா, மெட்ராஸில் வேலை பார்த்த தாவரவியல் டாக்டர் ராபர்ட் வைட்டின் பெயரில் இருப்பது. வெளிநாட்டு ஹோயா ஆறேழு வைத்துக்கொண்டு ஊர்க்காரி ஒருத்தி இல்லாமல் இருப்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. காட்டில் பிடுங்கியதாக இருந்தால் வேண்டாம் என்றும் சொன்னேன். தன் தோட்டத்துக் கொடியிலிருந்து வெட்டி வைத்த துண்டு மூன்று இருக்கிறதாம், படமும் அனுப்பினார், பேப்பர் பக்கத்தில் வைத்து, நான் கேட்காமலே. வேர் இன்னும் அரை இன்ச்தான். இப்போதே அனுப்பச் சொன்னேன். "அவசரப்படாதே சேச்சி, வேர் பிடிக்கட்டும். ஓணம் கழிந்து வருகிற திங்கட்கிழமை" என்றார்.